நாலு எல்லையும் ஒரு பெயரும்

1

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்த நாட்டு அரசாங்கம் என் வலது கையைக் கேட்கும். இருப்பு அனுமதி அட்டையைப் புதுப்பிக்க விரல் ரேகை வேண்டும். கண்ணாடித் தட்டில் கையை வைப்பேன், சிவப்பு விளக்கு எரியும். துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்கள், மறுபடியும் சிவப்பு. நான்கு விரலும் ஒன்றோடொன்று ஒட்டி, நகமில்லாமல், அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்ட கையில் ரேகைக்கு நான் எங்கே போவேன்?

போன வாரம் உட்கார்ந்திருந்த பெண் வேலைக்குப் புதியவள். காரணம் என்ன என்று கணினியில் என் கோப்பைத் திறந்து படித்தாள். படிக்கப் படிக்க முகம் மாறியது. பிறகு சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல நார்வே மொழியில் மெல்லக் கேட்டாள். "உங்கள் கையை அச்சு இயந்திரத்தில் விட்டார்களாமே? அப்படியும் நீங்கள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லையாமே?" எழுந்து வந்து என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். நானும் தலையைக் குனிந்து நன்றி என்றேன்.

தூ! என்ன மனிதன் நான்.

அது அச்சு இயந்திரமல்ல. ரப்பர் ஷீட் அடிக்கும் இயந்திரம். பதினோரு வருடம் முன்பு, என்னை முதலில் விசாரித்த அன்று, மொழிபெயர்த்த யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு ரப்பர் தோட்டமே தெரியாது. ஷீட் அடிப்பது என்றால் காகிதம் அடிப்பது என்று நினைத்துக்கொண்டார். எழுத்தாளனின் கையை அச்சு இயந்திரத்தில் நசுக்கினார்கள் என்பது இவர்களுக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! இங்குள்ள பத்திரிகையில் அப்படியே வந்தது. நான் திருத்தவில்லை. அது போகட்டும், அந்த அம்மாவின் பிழை. ஆனால் "நான் ஒன்றும் சொல்லவில்லை" என்று கோப்பில் இருப்பது என் வாயிலிருந்து வந்த அசல் பொய்.

நான் சொன்னேன். ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னேன். லீலாபாய்.

2

ஊரில் எனக்கு ஆதாரமெழுத்து வேலை. மற்ற ஜில்லாக்காரர்கள் பத்திரம் என்று சொல்வதைக் கன்னியாகுமரி ஜில்லாவில் நாங்கள் ஆதாரம் என்போம். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே, போட்டோஸ்டாட் கடைக்கும் சாயாக்கடைக்கும் நடுவில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும். காலையில் ஆள் வரத் தொடங்கும் முன்பு அதே மேசையில் ஒரு மணி நேரம் கதை எழுதுவேன். பிழையாகிப்போன ஆதார நகல்களின் பின்பக்கம்தான் காகிதம். கதையை அனுப்பினால் சிறுபத்திரிகைக்காரர் போடுவார், போட்ட பத்திரிகையை நானே பத்து வாங்கி நானே பத்துப் பேருக்குக் கொடுப்பேன். அவர்கள் அதில் பழம்பொரி மடித்துக்கொண்டு போவார்கள்.

என் மனைவி வசந்தா அப்போதே சொல்வாள். "ஒரே பேனாதான். ஒரு எழுத்து சோறு போடுது, மத்த எழுத்து அந்தச் சோத்துல மண்ணள்ளிப் போடுது."

மண்ணை அள்ளிப் போட்ட கதை என் பெரியம்மாவைப் பற்றியது. பெரியம்மா கால் தவறிக் கிணற்றில் விழுந்து செத்தாள் என்பது எங்கள் குடும்பம் மொத்தமும் சேர்ந்து காப்பாற்றிவந்த பொய். பெரியப்பா உலக்கையால் அடித்துக் கொன்றுவிட்டுத்தான் கிணற்றில் போட்டார். எனக்கு ஒன்பது வயது. அன்று விடியற்காலையில் என் அப்பா கிணற்றடியில் குத்தவைத்து உலக்கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் நான். முப்பத்தைந்து வருடம் அதை விழுங்கிவிட்டு ஒருநாள் எழுதினேன்.

எழுதும்போது பயம். அப்பா உயிரோடிருந்தார். பெயர்களை மாற்றினேன், ஊரை மாற்றினேன், பெரியப்பாவை மளிகைக்கடைக்காரர் ஆக்கினேன். வீட்டுக்குக் கூவளத்துவிளை என்று நானே ஒரு பெயர் வைத்தேன். ஆனால் இருபது வருடம் ஆதாரம் எழுதிய கை பாருங்கள், நான்கு எல்லை சொல்லாமல் ஒரு வீட்டை அதனால் எழுத முடியாது. எங்கள் வீட்டு எல்லையைப் போட்டால் மாட்டிக்கொள்வேன். அந்த வாரம் எழுதிய ஓர் ஆதாரத்தின் எல்லை மனசில் கிடந்தது, அதைத் தூக்கிக் கதையில் வைத்தேன். கிழக்கே சானல் கரை. தெற்கே சபையின் கல்லறைத் தோட்டம். மேற்கே இடிந்த செங்கல் சூளை. வடக்கே இரட்டை அயனி மரம் நிற்கும் வழி. உலகத்தில் வேறு எந்த மடையனும் கதைக்குள் இப்படி எல்லை போட்டிருக்க மாட்டான்.

அந்த ஆதாரம் அருமனைப் பக்கத்தில் ரப்பர் வைத்திருந்த சத்தியதாஸ் என்பவன் வீட்டுடையது. அவனுடைய இரண்டாவது மனைவி லீலாபாய். அவள் சீதனமாகக் கொண்டுவந்த தோட்டத்தையும் அதிலிருந்த வீட்டையும் அவன் பெயருக்கு எழுதிக் கொடுக்கக் கூட்டிவந்திருந்தான். அவன் முத்திரைத்தாள் வாங்கப் போன நேரத்தில் அவள் மேசைக்குக் கிட்டே வந்தாள். கழுத்துவரை சேலையை இழுத்து மூடியிருந்தாள். மேலுதடு வீங்கியிருந்தது.

"அண்ணாச்சி, நான் இதுல ஒப்பு போடல்லன்னா என்ன ஆவும்?" என்று கேட்டாள்.

ஒப்பு என்றால் கையெழுத்து. சட்டப்படி ஒன்றும் ஆகாது, அவள் சொத்து அவளிடம் இருக்கும். அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்காக வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள்.

"போட்டுரு மக்கா. வீட்டுல வழக்கு எதுக்கு?" என்றேன்.

போட்டாள்.

3

கதை வெளிவந்து இரண்டு வாரம். அருமனையில் படிக்கிற பழக்கமுள்ள யாரோ ஒருவன் அந்த எல்லையைப் பார்த்துவிட்டு, இது சத்தியதாசுக்க வீடுல்லா என்று சாயாக்கடையில் உரக்க வாசித்திருக்கிறான். சத்தியதாசின் முதல் மனைவியும் கிணற்றில் விழுந்து செத்தவள். சத்தியமாக எனக்குத் தெரியாது. கூவளத்துவிளைக் கதையில் கொலை என் வீட்டுடையது, எல்லை அவன் வீட்டுடையது. ரெண்டும் சேர்ந்து அவன் கழுத்தைப் பிடித்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை, எல்லையில் தகராறு, வந்து அளவு பாரும் என்று போன் பண்ணினான். நானும் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். தோட்டத்துக்குள் ஷீட் அடிக்கிற புரை. தகரக் கொட்டகை, சிமென்ட் தரை, புளித்த ரப்பர் பாலின் நாற்றம். உள்ளே அவனும் அவன் தம்பிமார் இரண்டு பேரும். உள்ளே கால் வைத்ததும் பின்மண்டையில் அடி விழுந்தது. எதனால் அடித்தான் என்று இன்றுவரை தெரியாது. விழுந்த இடத்தில் நெஞ்சில் மிதித்தார்கள், வாயில் மிதித்தார்கள். இரண்டு பல் தொண்டைக்குள் போய்விட்டது.

"லேய் எழுத்துக்காரா, ஆருலே ஒனக்குப் பறஞ்சது?" இதுதான் கேள்வி. கதை பொய்யா மெய்யா என்ற பேச்சே இல்லை. யார் சொன்னது?

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவனும் கொன்றிருக்கிறான் என்று.

ஷீட் இயந்திரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரும்புச்சாறு பிழிகிற மாதிரி இரண்டு இரும்பு உருளை, பக்கத்தில் பெரிய சக்கரக் கைப்பிடி. உறைந்த ரப்பர் பாலை இடையில் விட்டுச் சுற்றினால் தோசைக் கனத்துக்கு வெளியே வரும். என் வலது கையை அதில் வைத்தார்கள். சுற்றினார்கள். எலும்பு உடையும் சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிக்கிற மாதிரி இருக்கும் என்று நானே கதைகளில் எழுதியிருக்கிறேன். பொய். என் சத்தத்தில் வேறெந்தச் சத்தமும் கேட்கவில்லை.

எனக்குச் சொல்ல இரண்டு பெயர் இருந்தது. ஒன்று என் பெரியப்பா பெயர். இது எங்க வீட்டுக் கதை, எங்க பெரியப்பா செய்த கொலை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. குடும்ப மானம் போகும் என்று அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் போட்டது. இன்னொன்று, அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே ஆளின் பெயர்.

"லீலாபாய்" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானல்ல.

4

ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் கை சிக்கிய விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஆதாரம் எழுதுதவன் ஆதாரம் மட்டும் எழுதணும் கேட்டியா" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். நாகர்கோவிலில் எனக்காக ஒரு கண்டனக் கூட்டம் போட்டார்கள். ஆறு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நம்ம வீட்டுக் காரியம்னு ஆருக்கும் தெரியாதுல்லா?" தெரியாது என்றேன். நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

அந்தக் கதையை ஒரு நல்ல மனிதர் ஆங்கிலத்தில் போட, அது எங்கெங்கோ சுற்றியதில், ஆபத்திலிருக்கும் எழுத்தாளர்களுக்கு இடம் கொடுக்கும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். நான், வசந்தா, ஐந்து வயது ஜெனி. வசந்தா இங்கே முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறாள். நான் நூலகத்தில் இடது கையால் புத்தகம் அடுக்குகிறேன். வருடத்துக்கு ஒருமுறை, அந்தச் சனிக்கிழமையின் தேதியில், நகரசபைக்காரர்கள் என்னை மேடையேற்றுவார்கள். நான் மூன்று நிமிடம் பேசுவேன், அவர்கள் எழுந்து நின்று தட்டுவார்கள். பதினோரு வருடத்தில் ஒரு கதை எழுதவில்லை. கை போனதால் என்று எல்லோரும் பாவம் பார்க்கிறார்கள். இடது கையால் ஊருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதுகிறவனுக்குக் கதை எழுத மட்டும் வராதா? உட்கார்ந்தால் அந்தப் பெயர்தான் வரும், வேறொன்றும் வராது. அதுதான் விஷயம்.

ஜெனிக்கு இப்போது பதினாறு. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. என் புத்தகங்களில் அவளுக்கு அட்டை மட்டும்தான் தெரியும். வீட்டில் நானும் வசந்தாவும் சண்டை போட்டால் எழுந்து போய்க் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொள்வாள். சாப்பாட்டு மேசையில் கேட்டதற்கு மட்டும் பதில். "என்ன பிள்ளே, பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?" "ஒண்ணுமில்லப்பா." அவ்வளவுதான் எங்கள் தமிழ்.

அவள் வகுப்பில் துணிச்சல் என்ற தலைப்பில் ஆளுக்கு ஒரு மனிதரைப் பற்றிப் பேச வேண்டுமாம். ஜெனி என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அறைக்குள் அவள் கண்ணாடி முன்னால் பேசிப் பழகுவது எனக்குக் கேட்டது. அச்சு இயந்திரம் என்றாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

5

விரல் ரேகை எடுத்துவிட்டு வந்த மறுநாள் மதியம் ஒரு போன். இந்திய எண்.

"அண்ணாச்சியா? நான் லீலாபாய் பேசுதேன். சத்தியதாசுக்க வீட்டுல உள்ளவ."

நூலகத்தின் நடுவில் நின்றிருந்தேன். கையிலிருந்த புத்தகங்கள் எல்லாம் கீழே போயின.

"புதுக்கடையில நிங்க மச்சான் துணிக்கடை வச்சிருக்காருல்லா, அவருகிட்ட நம்பர் வாங்கினேன். நான் இப்பம் புதுக்கடையிலதான் தம்பி வீட்டுல கெடக்கேன். தையலு அடிக்கேன்."

"லீலா, சொகமா இருக்கியா?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"சொகத்துக்கு என்ன? அன்னைக்கு உங்கள ரோட்டுல கொண்டுபோய்த் தட்டிட்டு வந்தாரு. நான் அடுக்களையில மீன் வெட்டிட்டு இருந்தேன். ரப்பர் பாலு உறைய ஒழிக்க வச்சிருந்த ஆசிட்டு இருக்குல்லா, தண்ணி சேக்காதது, கன்னாசுக் கேனோட தூக்கிட்டு வந்து தலை வழியா கவுத்தாரு. இடது காது இல்ல. கழுத்து திரும்பாது. ஒரு கண்ணு மங்கலு. எழுத்துக்காரங்கிட்ட பறஞ்சியாட்டி, பறஞ்சியாட்டின்னு சொல்லிச் சொல்லித்தான் ஒழிச்சாரு."

அவளாகவே தவறி மேலே கொட்டிக்கொண்டாள் என்று வழக்கை முடித்துவிட்டார்களாம். அதை எல்லாம் அவள் அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள். நான் அழுதேன். வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மன்னித்துக்கொள் லீலா, மன்னித்துக்கொள் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அய்ய, நிறுத்துங்க" என்றாள். "மன்னிப்ப நிங்களே வச்சிக்கிடுங்க. அத வச்சு நான் ரப்பர் பாலு வெட்டவா முடியும்? நான் காரியமாட்டு கூப்பிட்டேன். அந்த மனுசன் எனக்க தோட்டத்த விக்கப் போறாரு. நான் கேசு போட்டிருக்கேன். அடிச்சு ஒப்பு வாங்கினதுன்னு. வக்கீலு சொல்லுதாரு, ஆசிட்டு ஒழிச்சது நேரு, பொய்யில்லன்னு காட்டினா கேசு நிக்கும்னு. எதுக்கு ஒழிச்சாருன்னு கேப்பாங்கல்லா? அதுக்குச் சாட்சி நிங்க மட்டும்தான்."

"நான் என்ன செய்யணும்?"

"எம் பேரச் சொன்னதா எழுதித் தரணும். எப்பம் சொன்னீங்க, எப்படிச் சொன்னீங்க, எல்லாம் முறைப்படி. ஒப்பு மேசையில எனக்க ஒதடு வீங்கியிருந்ததையும் எழுதணும். அங்க நோட்டரி இருப்பாங்கல்லா?"

அப்போது நான் யோசித்தது என்ன தெரியுமா? இந்தக் கோப்பு, இந்த அட்டை, நகரசபை மேடை, ஜெனியின் கண்ணாடி. ஒருத்தி காதும் கண்ணும் போய் உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு மேடை ஞாபகம் வருகிறது. பெரியப்பா பெயரைக் காப்பாற்றிய அதே புத்தி.

"அண்ணாச்சி, லைன்ல இருக்கியளா? பயமா இருக்குன்னா இப்பமே சொல்லிடுங்க. நான் வேற வழி பாக்கணும்."

"எழுதித் தாறேன்" என்றேன்.

"எம் பேர மாத்தாண்டாம். கதையில எழுதினாலும் மாத்தாண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதனால்தான் இங்கேயும் மாற்றவில்லை.

6

வசந்தாவிடம் அன்று மாலை எல்லாம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். கன்னத்தில் ஒரு அறை விட்டாள். பதினோரு வருடம் என் கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கை. பிறகு, "எழுதும். இப்பமே எழுதும்" என்றாள்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று லீலாபாயின் வக்கீல் செய்தி அனுப்பியிருந்தார். என் ஆங்கிலம் ஆதார நகலுக்குத்தான் ஆகும். வசந்தாவுக்கும் வராது. ஜெனியைக் கூப்பிட்டேன். நான் தமிழில் சொல்லுவேன், நீ ஆங்கிலத்தில் அடித்துத் தர வேண்டும் என்றேன். பள்ளிக்கூட உரையில் சேர்த்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கணினியோடு வந்து உட்கார்ந்தாள்.

உலக்கையிலிருந்து தொடங்கினேன். எல்லை, லீலாபாயின் உதடு, நான் சொன்ன போட்டுரு மக்கா, சனிக்கிழமை, புரை. ஜெனி நிமிர்ந்து பார்க்காமல் அடித்துக்கொண்டே வந்தாள். அச்சு இயந்திரம் இல்லை என்ற இடத்தில் ஒரு நொடி கை நின்றது, பிறகு போனது. கையை வைத்தார்கள், சுற்றினார்கள், கேட்டார்கள், நான் பெயரைச் சொன்னேன் என்ற வரிசையில் சொல்லி, லீலாபாய் போனில் கேட்டதையும் சொல்லி முடித்தேன். உங்களுக்கும் மேலே அப்படித்தானே சொன்னேன்.

ஜெனி அழுதுகொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடித்த பக்கத்தை மேலே தள்ளிப் பார்த்தாள்.

"அப்பா, இதுல ஆர்டர் சரியா இல்ல. அந்த ஆன்ட்டி எப்போ சொன்னீங்கன்னு கரெக்டா எழுதச் சொன்னாங்க இல்ல? நீங்க பேர் சொன்னது எப்போ? எத்தனாவது விரல் போன அப்புறம்?"

பிள்ளை என்னைக் காப்பாற்றத்தான் கேட்டாள். வலி தாங்காமல் சொன்னார் என்று எழுதலாம் அல்லவா. மூன்று விரல், நான்கு விரல் என்று நான் சொன்னால் அதை அப்படியே போட்டுவிடுவாள். கோர்ட்டுக்கும் அது போதும். லீலாபாய்க்கும் அதில் ஒரு நட்டமும் இல்லை. வசந்தா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விரல் போகல்ல" என்றேன்.

"என்னப்பா?"

"ஒரு விரலும் போகல்ல. கையைப் பிடிச்சு மிசின்கிட்ட கொண்டு போனாங்க. இரும்பு என் நகத்துல பட்டுது, குளிர்ந்திருந்துது. அவ்வளவுதான். அப்பமே சொல்லிட்டேன்."

"அப்போ பேர் சொன்ன அப்புறமும் ஏன் சுத்தினாங்க?"

"அது கதை எழுதினதுக்கு."

ஜெனி என்னைப் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து நான் பார்த்த பார்வை எதுவும் அது இல்லை. பிறகு கணினியின் பக்கம் திரும்பி, இருந்த வரியை அழித்துவிட்டு, வேறு வரி அடித்தாள். அடித்ததை எனக்குப் புரியட்டும் என்று தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வாசித்துக் காட்டினாள்.

"அவர்கள் சுத்துறதுக்கு முன்னாடியே, எனக்கு ஒரு விரலும் உடையாத நேரத்தில், நான் லீலாபாய் பேரைச் சொன்னேன்." வாசித்துவிட்டு, "இது சரியா?" என்று கேட்டாள். அப்பா என்று சேர்க்கவில்லை.

"சரி" என்றேன்.